டாக்டரிடம் சொல்லாத கணக்கு

அகமதாபாத்துக்கு வந்து 45 வருடம் ஆகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கேட்கும் ஒரு கேள்வி மட்டும் மாறவேயில்லை. "உங்க ஊர்ல சரக்கே கிடைக்காதாமே?" பெண்கள் இதைப் பெருமூச்சோடு கேட்பார்கள், ஆண்கள் இரக்கத்தோடு. 1960ல் மாநிலம் பிறந்த நாள் முதல் இங்கே மதுவிலக்குதான். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். எந்தச் சந்தில் எது கிடைக்கும் என்று கல்யாண வீட்டில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

சந்துக்கே போகாமல், சட்டப்படி குடிக்கவும் இங்கே ஒரு வழி உண்டு. நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான், வெளியே பேசுவதில்லை. ஹெல்த் பெர்மிட். 40 வயது தாண்டியவர், உடல்நலத்துக்கு மது தேவை என்று மருத்துவச் சான்று பெற்றால், மாதாமாதம் இத்தனை யூனிட் என்று வாங்கிக்கொள்ளலாம். 50 வயது வரை 3 யூனிட், 65 வரை 4, அதற்கு மேல் 5. விஸ்கி, பிராந்தி வகையில் 750 மில்லி பாட்டில் ஒன்று ஒரு யூனிட். ஐந்து பாட்டிலை முப்பது நாளுக்குப் பங்கு போட்டால் தினம் 125 மில்லி. அதாவது சின்ன பெக் நான்கு.

வயது ஏற ஏற ரேஷனும் ஏறுகிறது. இந்தக் கணக்கைப் போட்டவர் எந்த யோசனையில் போட்டாரோ! உடம்பு போடும் கணக்கு இதற்கு நேர் தலைகீழ்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2023 டிசம்பரில் என் அண்ணன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 70. இடுப்பெலும்பு முறிவு. அண்ணி போன் செய்தபோது இரவு இரண்டு மணி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அட்மிஷன் நேரத்தில் இளம் டாக்டர் ஒருவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, என்னென்ன மாத்திரை. கடைசியாக, "தாரு பீயே சே?" அண்ணி சட்டென்று "நா, நா, சாஹேப்" என்றார். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பெங்களூரிலிருந்து ஓடிவந்திருந்த மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு ரிடையர் ஆன பிறகு தினசரி மூன்று பெக் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பெர்மிட் வாங்கித்தான் குடிக்கிறார், திருட்டுத்தனம் எதுவும் இல்லை. இருந்தும் சொல்ல வாய் வரவில்லை.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. சேர்த்த மூன்றாம் நாள் அண்ணனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வியர்த்துக் கொட்டியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். ராத்திரி முழுக்க, இறந்துபோன எங்கள் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். மயக்க மருந்தின் வேலை என்றார்கள், வயசானவர்களுக்கு இப்படி ஆவதுண்டு என்றார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க இப்படியே போனது. பிறகுதான் நான் டாக்டரைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. தினமும் குடித்த உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி ஆகும்; வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு, இந்த நிலைக்கு வராமல் பார்த்திருக்கலாம் என்றார். அன்று மாலைக்குள் சிகிச்சை மாறியது. அண்ணன் பிழைத்தார்.

அந்த டாக்டரிடம் பிறகு நிறையக் கேட்டேன். வயதாக ஆக உடம்பில் நீர் குறைகிறது, கொழுப்பு கூடுகிறது. மது கலப்பது நீரில்தான். ஆகவே நாற்பது வயதில் குடித்த அதே அளவு எழுபதில் ரத்தத்தில் அதிகமாக ஏறும். ஈரலும் முன்போல் வேகமாக வேலை செய்யாது. "நான் அளவைக் கூட்டவே இல்லையே" என்று அண்ணன் சொல்வார். உண்மைதான், அவர் கூட்டவில்லை. உடம்பு கூட்டிக்கொண்டது.

இதோடு மாத்திரை டப்பா ஒன்று இருக்கிறதே! நம் வயதில் அது இல்லாத வீடு ஏது? சர்க்கரைக்குச் சாப்பிடும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் வெறும் வயிற்றில் மதுவும் சேர்ந்தால் சர்க்கரை அளவு அபாயமாக இறங்கும். வீட்டில் உள்ளவர்கள் போதை என்று நினைத்து அப்படியே தூங்க விட்டுவிடுவார்கள். பி.பி. மாத்திரையோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். தூக்கம் வரத்தான் குடிக்கிறேன் என்பவர்களுக்கும் முதல் பாதி ராத்திரிதான் தூக்கம். பின் பாதியில் விழிப்பு, பாத்ரூம் நடை. அண்ணன் விழுந்தது அந்த நடையில்தான்.

கொஞ்சம் குடித்தால் இருதயத்துக்கு நல்லது என்று 1990களில் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. சிவப்பு ஒயின் குடிக்கும் பிரெஞ்சுக்காரர்களை உதாரணம் காட்டினார்கள். சளிக்குப் பிராந்தி என்ற நம் ஊர் வைத்தியத்தோடு இதையும் பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டோம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஆபத்தில்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை.

நான் இங்கே மதுவிலக்குப் பிரசாரம் செய்ய வரவில்லை. அதைச் செய்ய எனக்கு யோக்கியதையும் கிடையாது. என் பெயரிலும் ஒரு பெர்மிட் இருக்கிறது. மனைவி போய், பிள்ளைகள் பெங்களூர், அமெரிக்கா என்று போய், இரண்டு அறை பிளாட்டில் டி.வி.யோடு மாலை ஏழு மணியைத் தள்ளுவது எப்படி என்று அனுபவிப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

என் ஆதங்கம் மறைப்பதைப் பற்றித்தான். குடும்பப் பெயர் என்கிறோம். வெளி மாநிலத்தில் நாலு பேர் மதிக்க வாழ்கிறோம் என்கிறோம். இங்கே சட்டத்தைப் பற்றிய பயம் வேறு. டாக்டர் போலீஸ்காரர் இல்லை. அவர் கேட்பது மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க. பெர்மிட் இல்லாமல் குடிப்பவராக இருந்தாலும் அவரிடம் சொல்லத்தான் வேண்டும். அண்ணிகளும் மருமகள்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் தினமும் குடித்தவரின் பாட்டிலை ஒரே நாளில் சிங்கில் கொட்டிவிடாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள், பிறகு கொட்டலாம்.

சங்கம் வருடாவருடம் நடத்தும் மருத்துவ முகாமில் தரும் படிவத்தில் சர்க்கரை, பி.பி., கண், பல் எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு கேள்வி இல்லை. போன வருடம் செயற்குழுவில் சேர்க்கச் சொன்னேன். "பெண்கள் வருகிற இடம் சார், நம்ம சங்கத்துக்கே கெட்ட பெயர்" என்றார் ஒருவர். மற்றவர்கள் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். பெயர் எழுத வேண்டாம், முகாம் டாக்டரிடம் தனி அறையில் வாயால் சொன்னால் போதும் என்று வைத்தாலும் எனக்குச் சம்மதம். இந்த வருடப் படிவம் அச்சுக்குப் போகும் முன் செயலாளர் எனக்கு ஒரு போன் செய்யட்டும். முகாமுக்கு அண்ணனையும் அழைத்து வருகிறேன். இப்போது வாக்கரில் நடக்கிறார். டாக்டரிடம் முதல் ஆளாகப் போய்ச் சொல்ல அவர் தயார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அண்ணிதான் இன்னும் சம்மதிக்கவில்லை.