மலைச்சரிவுக்கு எந்த நிறம்?

2024 ஜனவரி 26ஆம் தேதி விடிவதற்கு முன்பே, கம்போங் ராஜா புளூவேலி பகுதியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர் ஐவர் புதையுண்டனர். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ‘சரிவுகளைக் கண்காணியுங்கள்’ என்ற குரல் எழும். இன்று அந்தக் கண்காணிப்பில் கணினித் திரையில் தெரியும் புள்ளிகளுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றுக்கு எதை வைத்து நிறம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆபத்து தெரியும், அல்லது மறையும்.

விமானத்திலிருந்து லேசர் கதிரை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அறிவது லைடார் முறை. ஒளியின் வேகத்தை நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் விடை வந்துவிடும். 2015 ஜனவரியில் கேமரன் மலை ரிங்லெட் வட்டாரத்தை ஆய்வுக்காக அளந்தபோது, சதுர மீட்டருக்குச் சுமார் 8 புள்ளிகள் கிடைத்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் இடத்தைக் காட்ட இரண்டு எண்கள், உயரத்துக்கு ஓர் எண். நான்காவதாக ஓர் எண்ணைச் சொல்லத்தான் நிறம்.

பெரும்பாலானோர் முதலில் உயரத்துக்கே நிறம் கொடுப்பார்கள். பள்ளத்தாக்கு நீலம், உச்சி சிவப்பு. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உயரம் ஏற்கெனவே படத்தில் இருக்கிறதே! ஒரே உயரத்தில் இரண்டு தொழிலாளர் குடியிருப்புகள், ஒன்று சமதளத்தில், மற்றொன்று வெட்டிய மலைச்சரிவின் அடியில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே பச்சையில் தெரியும். நிறத்தைச் சாய்வுக்கு மாற்றிப் பாருங்கள். நம் நாட்டில் சரிவுகளை 15, 25, 35 பாகை என்ற எல்லைகளால் நான்கு வகையாகப் பிரிப்பது வழக்கம். அதே புள்ளிகள்தாம், ஆனால் இரண்டாவது குடியிருப்பின் தலைக்கு மேல் இப்போது ஒரு சிவப்புப் பட்டை நிற்கும். இரண்டு முறை பறந்து அளந்து, உயர வேறுபாட்டுக்கு நிறம் கொடுத்தால் மண் எங்கே நகர்ந்தது என்பதே தெரியும். செலவு அதிகம்தான், ஆனாலும் எச்சரிக்கைக்கு அதுவே மேல்.

அதற்கு முன் தரைப் புள்ளிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். லைடார் கோப்புகளில் தரைக்கு 2 என்று குறியீடு உண்டு. தேயிலைச் செடியும் காய்கறித் தோட்டத்து நெகிழிக் கூரையும் தரையாகப் பதிவானால், சாய்வுக் கணக்கு முழுதும் பொய்யாகிவிடும்.

அடுத்தது நிற வரிசை. பைத்தான் பயில்வோர் அறிந்த மேட்பிளாட்லிப், 2017இல் வானவில் போன்ற ‘ஜெட்’ வரிசையைக் கைவிட்டு ‘விரிடிஸ்’ வரிசையை இயல்பாக்கியது. ஜெட்டில் மஞ்சள் பட்டை பளிச்சென்று நின்று, தரவில் இல்லாத எல்லையைக் கண்ணுக்குக் காட்டும். விரிடிஸ் கரு ஊதாவிலிருந்து மஞ்சள் வரை சீராக வெளுத்துக்கொண்டே போகும். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண்ணுக்கும் அது புரியும். இந்தக் குறை ஆண்களிடம் அதிகம் என்பதால், சிவப்பு-பச்சையில் மட்டும் வரைந்த அபாய வரைபடத்தை ஒரு மேற்பார்வையாளர் தவறாகப் படிக்க இடமுண்டு. இலவச மென்பொருளான கிளவுட்கம்பேரில் ஒரே கோப்பை இரண்டு வரிசைகளிலும் திறந்து பார்த்தால் மாணவர்களுக்கு வேறுபாடு உடனே விளங்கும்.

கனிமவள, புவி அறிவியல் துறை சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கிறது. அவை அலுவலகக் கணினியில் மட்டும் இருந்தால் போதாது. சரிவின் அடியில் உறங்குபவர்களில் பலருக்கு மலாயும் தெரியாது, தமிழும் தெரியாது. குடியிருப்பின் சுவரில் ஒட்டும் படத்தில் ‘நீங்கள் இருக்கும் இடம்’ என்ற ஒரு புள்ளியும், அதற்கு மேலே உள்ள சரிவின் நிறமும் அவர்களுக்குப் புரிந்தாக வேண்டும்.