நாலு பேர் என்ன சொல்வார்கள்?

“நாலு பேர் என்ன சொல்வார்கள்?”

இந்தக் கேள்விக்குப் பயந்து பிடிக்காத படிப்பைப் படித்தவர்கள் உண்டு. பிடிக்காத உத்தியோகத்தில் தலை நரைத்தவர்கள் உண்டு. மனம் ஒப்பாமல் தாலிக்குக் கழுத்தை நீட்டியவர்களும் உண்டு!

அந்த நாலு பேர் யார்? பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. ஆனாலும் அவர்களுக்காகவே பலர் ஆயுள் முழுவதையும் கழித்துவிடுகிறார்கள்.

கடைசி ஏக்கம்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிரானி வேர் என்ற பெண்மணி, பிழைக்க வழியில்லாத நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் பணிவிடை செய்தவர். கடைசி நாட்களில் அவர்கள் மனம்விட்டுச் சொன்ன குறைகளை 2009-ம் ஆண்டில் கட்டுரையாக எழுதினார். பிறகு அது நூலாகவும் வந்தது.

அவர் எழுதிய ஐந்து குறைகளில் முதல் இடம் எதற்கு? பணம் சேர்க்கவில்லையே என்பதற்கு அல்ல. பிறர் எதிர்பார்த்தபடி வாழ்ந்துவிட்டோமே, நம் விருப்பப்படி வாழத் துணியவில்லையே என்ற ஏக்கத்துக்குத்தான்!

2018-ல் அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச், ஷாய் டேவிடாய் என்ற மனநூல் அறிஞர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதே வழியில்தான் போகிறது. கடமையில் தவறினால் மனிதன் மன்னிப்புக் கேட்டாவது சரிக்கட்டப் பார்க்கிறான். தான் ஆக விரும்பியது ஆகாமல் போன குறையோ நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிடுகிறது.

கடல் கடந்த மேதை

கணித மேதை ராமானுஜன் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்து பேராசிரியர் ஹார்டியின் அழைப்பு வந்தது. கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்று முதலில் தயங்கினார். பிறகு தாயாரின் சம்மதம் பெற்று, 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

நோயுடன் நாடு திரும்பிய அவர் 1920-ல், 32-ம் வயதில் காலமானார். கடல் கடந்தவர் என்பதால் ஆசாரம் மிகுந்த உறவினர் பலர் இறுதிச் சடங்குக்குக்கூட வரவில்லை!

அந்த உறவினர்களை இன்று யாருக்குத் தெரியும்? ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ஐ நாடு கணித தினமாகக் கொண்டாடுகிறது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியிருந்தால், உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும்.

தியாகமா, நஷ்டமா?

அப்படியானால் கடமை வேண்டாமா? வேண்டும். தங்கைகளைக் கரையேற்றப் படிப்பை விட்ட அண்ணனை யார் குறை சொல்வார்கள்? அவன் யாரை நினைத்து விட்டான் என்பது அவனுக்குத் தெரியும். அன்புக்காக விட்டுக்கொடுப்பது தியாகம். அச்சத்துக்காக விட்டுக்கொடுப்பது நஷ்டம்!

ராமானுஜனும் தாயை உதறிவிட்டுப் போகவில்லை. தாயும் மகனைக் கட்டி நிறுத்தவில்லை. பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. பிள்ளை ஒரு விருப்பத்தைச் சொன்னால், ஊரைக் கேட்குமுன் பிள்ளையைக் கேளுங்கள்.

நாலு பேர் இன்று ஒன்று சொல்வார்கள், நாளை மறந்துவிடுவார்கள். வாழாமல் விட்ட வாழ்க்கையை நினைத்து ஏங்க, அவர்களில் ஒருவர்கூட துணைக்கு வரமாட்டார்!