அடுத்த வெல்ஷ் வகுப்பு எது?

செப்டம்பர் பிறந்தால் வேல்ஸில் பள்ளிப் பிள்ளைகளோடு பெரியவர்களும் வகுப்புக்குக் கிளம்புகிறார்கள். அரசின் நிதியோடு நடக்கும் வெல்ஷ் மொழி வகுப்புகளில் ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான பெரியவர்கள் சேர்கிறார்கள். அவர்களில் மிகப் பெரிய பகுதியினர் முதல் நிலையில்தான் இருக்கிறார்கள். மேலே போகப் போகக் கூட்டம் கரைகிறது. முதல் வகுப்பை முடித்தவர் அடுத்து எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை வைத்தே அவர் அந்த மொழியைப் பேசப்போகிறவரா, பாதியில் விடப்போகிறவரா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். யாரோ சிலரின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கவும் முடியாது. 1911 கணக்கெடுப்பின்போது வேல்ஸ் மக்களில் 43.5 சதவீதத்தினர் வெல்ஷ் பேசினார்கள். 2021இல் அது 17.8 சதவீதம், ஏறக்குறைய 5,38,000 பேர். இந்த எண்ணிக்கையை 2050க்குள் பத்து லட்சமாக உயர்த்துவோம் என்று வேல்ஸ் அரசு 2017இல் அறிவித்தது. வீட்டில் தாய்மொழியாகக் கற்கும் குழந்தைகளை மட்டும் நம்பி அந்த இலக்கை எட்ட முடியாது. வளர்ந்த பிறகு கற்பவர்களும் பேசுபவர்களாக மாறியாக வேண்டும்.

கற்பவருக்கு முன்னால் இருக்கும் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. 2016இல் தொடங்கப்பட்ட தேசிய வெல்ஷ் கற்றல் மையம் ஐந்து நிலைகளை வகுத்திருக்கிறது: நுழைவு, அடிப்படை, இடைநிலை, உயர்நிலை, கடைசியாக மெருகேற்றல். ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஏ1 முதல் சி1 வரையிலான படிகளோடு இவை பொருந்தும். வாரம் ஒரு முறை நடக்கும் வகுப்பும் உண்டு, வாரத்தில் பல நாள் நடக்கும் தீவிர வகுப்பும் உண்டு. இவற்றுக்கு வெளியே, 2009இல் தொடங்கிய 'சே சம்திங் இன் வெல்ஷ்' என்ற ஒலிப்பாடம் புத்தகமே இல்லாமல், கேட்டுக் கேட்டு உடனே வாய்விட்டுச் சொல்ல வைக்கிறது. கைப்பேசியில் டுவோலிங்கோ செயலி இருக்கிறது. லீன் தீபகற்பத்தில், கல்குவாரி மூடியதால் ஆளில்லாமல் போன ஒரு கடலோரக் கிராமத்தை மீட்டெடுத்து உருவாக்கிய நன்ட் குர்தெய்ர்ன் மையத்தில் 1982 முதல் தங்கிப் படிக்கும் வகுப்புகள் நடக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: 'இந்த நிலையை முடித்துவிட்டீர்களா, அடுத்த நிலையில் சேருங்கள்.' இந்த அறிவுரை தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது என் கருத்து. யாரோடு பேசப்போகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, அந்த வகுப்பில் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை. நிலை எது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் அப்படி? மொழியைப் புரிந்துகொள்வதும் பேசுவதும் ஒன்றாகவே வளரும் என்று நாம் இயல்பாக நம்பிவிடுகிறோம். கனடாவில் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகள் பாடங்களைப் பிரெஞ்சில் படிக்கும் பள்ளிகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் வேறு முடிவுக்கு வந்தார். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்ட அந்தப் பிள்ளைகள் கேட்டால் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேச்சு மட்டும் தாய்மொழிக்காரர்களைவிட வெகுவாகப் பின்தங்கியே இருந்தது. தாங்களே வாக்கியத்தைக் கட்டிப் பேசும் கட்டாயம் அவர்களுக்குப் போதவில்லை என்பது ஸ்வெய்ன் சொன்ன விளக்கம். வேல்ஸ் பள்ளிகளின் அனுபவமும் இதற்குத் தொலைவில் இல்லை. 1990இல் 14 வயது வரையிலும், 1999இல் 16 வயது வரையிலும் வெல்ஷ் கட்டாயப் பாடமானது. இருந்தும் ஆங்கிலவழிப் பள்ளிகளில் பதினொரு ஆண்டுகள் வெல்ஷ் படித்தவர்களில் பலரால் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேச முடிவதில்லை. 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களில் வெல்ஷ் பேசுவோராகப் பதிவானவர்கள் 2011இல் 40.3 சதவீதம், 2021இல் 34.3 சதவீதம். பள்ளியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு மாணவரும் சுயமாகப் பேசும் நிலையை எட்ட வேண்டும் என்று 2025இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பாடத்தை முடித்தோம் என்பதற்கும் பேசுகிறோம் என்பதற்கும் இடையிலான தூரத்தை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இந்தச் சட்டத்தை நான் வாசிக்கிறேன்.

இந்தத் தூரம் மற்ற மொழிகளைவிட வெல்ஷில் அதிகம் உறுத்துவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஜெர்மன் கற்பவர் ஜெர்மனியின் ஒரு சிற்றூருக்குப் போனால், தட்டுத் தடுமாறிப் பேசினாலும் எதிரில் இருப்பவர் பொறுமையாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வெல்ஷ் பேசும் பெரியவர் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆங்கிலமும் சரளமாக வரும். கற்பவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் தயங்கி நின்றால், எதிரில் இருப்பவர் உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அதோடு அன்றைய பயிற்சி முடிந்தது. வேல்ஸில் கற்பவருக்கு முதலில் தேவைப்படுவது பிழையின்மை அல்ல, வேகம். நூறு வினைச்சொற்களை எல்லாக் காலத்திலும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவரைவிட, முப்பது வினைச்சொற்களைத் தயங்காமல் சொல்லத் தெரிந்தவர் அதிக நேரம் வெல்ஷில் தாக்குப்பிடிப்பார். ஒலிப்பாடத்தின் பலம் இங்கே இருக்கிறது, வாய் பழகிவிடுகிறது. அதன் குறையும் இங்கேதான் இருக்கிறது. நாம் எதிர்பாராத பதிலை ஒலிப்பதிவு சொல்லாது. ஆகவே ஒலிப்பாடத்தில் ஓராண்டு ஓடியவருக்கு அடுத்து வேண்டியது, மனிதர்கள் குறுக்கே பேசும் வகுப்பு. வாரம் ஒரு நாள் வகுப்பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே ஓராண்டு உட்கார்ந்தவருக்கோ அந்த ஒலிப்பாடமே நல்ல அடுத்த படியாக அமையலாம்.

யாரோடு பேசப்போகிறோம் என்ற கேள்விக்கு வெல்ஷில் நேரடியான விளைவு உண்டு. வடக்கும் தெற்கும் பேச்சில் வேறுபடுகின்றன: 'இப்போது' என்பதற்குத் தெற்கே 'நவ்ர்', வடக்கே 'ரூஅன்'. நாள் முழுக்கப் புழங்கும் சொற்களே மாறுவதால்தான் தேசிய மையத்தின் பாடப்புத்தகங்களும் ஒலிப்பாடங்களும் இரண்டு வடிவில் வருகின்றன. இரண்டையும் சமரசப்படுத்தும் முயற்சி ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1960களில் கற்பவர்களுக்காகக் 'கம்ரேக் பியூ', அதாவது 'வாழும் வெல்ஷ்' என்ற பொதுவடிவம் உருவாக்கப்பட்டது. பெயரில் இருந்த உயிர் தெருவில் இல்லை. அதைத் தாய்மொழியாகப் பேசுபவர் எங்குமே இல்லாததால் செல்வாக்கிழந்தது. எழுத்துத் தமிழை மட்டும் கற்ற வெளிநாட்டவர் மதுரைச் சந்தையில் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குவினெத் மாவட்டத்தில் 64.4 சதவீதத்தினர் வெல்ஷ் பேசுகிறார்கள். அங்கே குடியேறப்போகிறவர் வடக்கு வடிவத்தை எடுப்பதில் குழப்பம் இல்லை. கார்டிஃப் நகரில் 12.2 சதவீதம்தான், அதிலும் வேலைக்காக வடக்கிலிருந்து வந்து தங்கியவர்கள் நிறையப் பேர். கார்டிஃபில் இருப்பவர் ஊரைப் பார்த்துத் தெற்கு வடிவம் என்று முடிவெடுக்கக் கூடாது. தன் மனைவி, மாமியார், உடன் வேலை செய்பவர் எந்த வடிவம் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2020க்குப் பிறகு இணைய வகுப்புகள் பெருகிவிட்டன. கார்டிஃபில் இருந்துகொண்டே வடக்கு வகுப்பில் சேர்வது இன்று ஒரு சிரமமே இல்லை.

நேரக் கணக்குக்கு வருவோம். 1949இல் ஜெருசலேமில் தொடங்கிய 'உல்பான்' என்ற தீவிர ஹீப்ரு வகுப்பைப் பார்த்து, 1973இல் கார்டிஃபில் 'உல்பன்' வகுப்பு தொடங்கியது. குறுகிய காலத்தில் அடிக்கடி சந்தித்து, பேச்சையே பாடமாக வைப்பது அதன் அடிப்படை. இதற்கு அறிவியலிலிருந்தே ஒரு மறுப்பு வரலாம்: ஒரேயடியாகத் திணிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பதே நினைவில் நிற்கும் என்று எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டிவிட்டாரே, அப்படியானால் வாரம் ஒரு நாள் வகுப்புதானே சிறந்தது? நியாயமான கேள்வி. தன்னளவில் இடைவெளி நல்லது என்றாலும், அளவுக்கு மீறினால் அது மறதியாகிவிடுகிறது. வாரம் இரண்டு மணி நேரம், முப்பது வாரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 60 மணி நேரம். பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் ஒருவர் வாய் திறக்கும் நேரம் அதில் சிறு துளி. கோடை விடுமுறை அந்தத் துளியையும் உலர்த்திவிடும். வாரம் நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் நடக்கும் தீவிர வகுப்பிலும் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது, ஒரு நாள் இடைவெளி. முடிந்தவர்கள் அதையே எடுக்க வேண்டும். வேலையும் குழந்தைகளும் உள்ளவர்களால் முடியாது என்பது உண்மை. அவர்கள் வாரம் ஒரு நாள் வகுப்போடு நிறுத்திக்கொள்ளாமல், கற்பவரையும் சரளமாகப் பேசுபவரையும் இணைத்துவைக்கும் தேசிய மையத்தின் 'ஷரத்' திட்டத்தில் சேரலாம். அது இல்லாத வாராந்திர வகுப்பு பாதி வகுப்புதான். நன்ட் குர்தெய்ர்னில் சில நாள் தங்குவதையோ இரண்டு நிலைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்வது நல்லது. முதல் வகுப்பாக அது வீண். வெறும் முப்பது சொற்களோடு போகிறவரால் சாப்பாட்டு மேசையில் புன்னகைக்க மட்டுமே முடியும்.

இலக்கணத்தைத் தள்ளிவைத்தால் அரைகுறை மொழிதானே மிஞ்சும் என்பது இலக்கண ஆசிரியர்களின் கவலை. வெல்ஷில் சொல்லின் முதல் ஒலியே சூழலுக்கேற்பத் திரியும்: கார்டிஃபின் வெல்ஷ் பெயரான 'கைர்தீத்', 'கார்டிஃபில்' என்று சொல்ல வரும்போது 'ஙைர்தீத்' ஆகிவிடும். கற்பவர்களைப் பயமுறுத்தும் பகுதி இதுதான். இந்தத் திரிபைத் தவறவிட்டால் கேட்பவருக்குப் புரியாமல் போவது அரிது. அன்றாடப் பேச்சில் தாய்மொழிக்காரர்களே சில திரிபுகளை விட்டுவிடுகிறார்கள். அதற்காக என்றைக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சு ஓடத் தொடங்கிய பிறகு, இடைநிலைக்கு வரும்போது, இலக்கணம் தவிர்க்க முடியாததாகிவிடும். அதைக் கற்காதவரால் நாளிதழையோ நாவலையோ தொட முடியாது. அரசு அலுவலகங்களில் வெல்ஷ் சேவை 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடமையானது, அங்கே வேலை தேடுவோருக்குத் தேர்வுச் சான்றிதழ் பயன்படும் என்பதும் சரி. அவர்கள் நிலைவாரியாகப் போகட்டும். அந்தத் தேர்விலும் வாய்மொழிப் பகுதி இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இலவசச் செயலி கையில் இருக்கும்போது வகுப்பு எதற்கு என்பவர்களும் உண்டு. 2016இல் தன்னார்வலர்கள் உழைப்பில் வெளிவந்த டுவோலிங்கோவின் வெல்ஷ் பாடம் பல லட்சம் பேரை இந்த மொழியின் வாசல் வரை அழைத்து வந்தது. வேல்ஸுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. 2023இல் அந்த நிறுவனம் இந்தப் பாடத்தைப் புதுப்பிப்பதை நிறுத்தியது. ஒரு நிறுவனத்தின் வணிகக் கணக்கை நம்பி யாரும் மொழியைக் கற்கத் திட்டமிட முடியாது. தவிர, திரையைத் தட்டி விடை தேர்வது பேச்சு ஆகாது. சென்னையிலோ சிகாகோவிலோ இருந்து கற்பவருக்கும் இணைய வகுப்பு திறந்தே இருக்கிறது. செயலியில் இன்னொரு அலகை முடிப்பதைவிட அதில் வாரம் ஒரு மாலை உட்கார்வது மேல்.

பலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வாராந்திர வகுப்பில் நுழைவு நிலையை முடித்தும் பேச வராதவர்களில் பலர், அடிப்படை நிலைக்கு ஏறாமல் அதே நுழைவு நிலையைத் தீவிர வகுப்பாக மறுபடி படிப்பதே சரி. கட்டணம் இரண்டு முறை என்று தோன்றும். 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு 2022 முதல் கட்டணமே இல்லை; மற்றவர்களுக்கு, மேல் நிலையில் ஏறி நடுவில் விட்டுவிடும் வகுப்புக்குக் கட்டும் பணமே பெரிய நட்டம். இதில் கற்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்புப் பட்டியலில் நிலை, நாள், கட்டணம் எல்லாம் தெளிவாக இருக்கும். ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒருவருக்குப் பேச எவ்வளவு நேரம், முடித்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் வெல்ஷில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத் தேர்வுசெய்ய வழியிருந்தால் செப்டம்பர் குழப்பம் பெருமளவு குறையும். 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் புதிய தேசிய வெல்ஷ் கற்றல் நிறுவனம் முதலில் வெளியிட வேண்டிய எண்கள் இவை. சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை எல்லோரும்தான் வெளியிடுகிறார்கள்.