ஒருவர் சொல்லி ஒருவர் பார்க்கும் நாடகம்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு பிற்பகல், நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டிய டஃபி சதுக்கத்தில் என் மகளுடன் வரிசையில் நின்றிருந்தேன். அன்றைய மாலைக் காட்சிகளுக்கு விற்காமல் எஞ்சியிருக்கும் நாடகச் சீட்டுகளைத் தள்ளுபடி விலையில் தரும் டிகேடிஎஸ் என்னும் விற்பனையகம் அங்கே உள்ளது. புகழ்பெற்ற பழைய இசை நாடகம் ஒன்றுக்குச் சீட்டு எடுப்பதே எங்கள் நோக்கம். எங்களுக்கு முன்னால் நின்ற, எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், எந்த நாடகத்துக்குப் போகிறீர்கள் என்று தாமாகவே விசாரித்தார். பெயரைச் சொன்னோம்.

"அது எங்கும் போய்விடாது. அடுத்த ஆண்டு வந்தாலும் இருக்கும். 'மேபி ஹாப்பி எண்டிங்' பாருங்கள். நான் இரண்டாவது முறையாகப் போகிறேன். கதையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்" என்றார்.

எங்களுக்கு அவர் யாரென்று தெரியாது. எனினும், வீட்டில் இருந்து முடிவுசெய்து வந்ததைக் கைவிட்டு அவர் சொன்ன நாடகத்துக்கே சீட்டு வாங்கினோம். சதுக்கத்தைச் சுற்றிலும் பல மாடி உயரத்துக்கு ஒளிர்ந்துகொண்டிருந்த விளம்பரத் திரைகளால் செய்ய முடியாததை முன்பின் அறியாத ஒருவரின் மூன்று வாக்கியங்கள் எப்படிச் செய்தன? நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் பொருளியல் கற்பித்த எனக்கு, நாடகம் முடிந்து திரும்பிய பின்பும் அந்தக் கேள்வி ஓயவில்லை.

பிராட்வே என்றதும் சென்னைப் பாரிமுனையின் பேருந்து நிலையம் நினைவுக்கு வருபவர்களுக்குச் சிறு விளக்கம். நியூயார்க்கின் பிராட்வே என்பது மான்ஹாட்டனில் உள்ள 41 பெரிய நாடக அரங்குகளின் தொகுதி. ஏறத்தாழ அனைத்தும் டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றியே அமைந்தவை. ஒவ்வொன்றிலும் குறைந்தது 500 இருக்கைகள். வாரத்துக்கு வழக்கமாக எட்டுக் காட்சிகள். அமெரிக்க நாடக உலகின் பெரும் பணமும் பெரும் நட்டமும் நிகழும் இடம் அது.

அங்கே விற்கப்படும் பண்டம் விசித்திரமானது. வாங்கும் முன்னரே சோதித்துப் பார்க்கக்கூடிய பண்டங்கள், நுகர்ந்த பிறகே தரம் தெரியும் பண்டங்கள் என்ற வேறுபாட்டை 1970இல் ஃபிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர் விளக்கினார். நாடகம் இரண்டாவது வகையின் உச்சம். துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம்; பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். நாடகத்தைத் திருப்பித் தர முடியாது. பணத்தோடு ஒரு மாலைப் பொழுதும் போய்விடும்.

தயாரிப்பாளருக்கும் இதே இக்கட்டு உண்டு. திரை விலகிய நொடியில் காலியாக இருக்கும் இருக்கையின் மதிப்பு பூஜ்யம். அதை நாளைக்கென்று சேமித்து வைக்க முடியாது. தியேட்டர் டெவலப்மெண்ட் ஃபண்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 1973இல் டிகேடிஎஸ் விற்பனையகத்தைத் தொடங்கியதற்குக் காரணம் இதுவே. பணம் குறைவாகவும் நேரம் கூடுதலாகவும் உள்ளவர்கள் வரிசையில் நின்று குறைந்த விலையில் வாங்குகிறார்கள். வீணாக இருந்த இருக்கை நிரம்புகிறது. அந்த வரிசையில் வேறொன்றும் விலையின்றிக் கைமாறுகிறது. அதுதான் தகவல். எதைப் பார்க்கலாம், எதைத் தவிர்க்கலாம், எந்த வரிசையில் அமர்ந்தால் மேடை மறைக்கும் என்பதை முன்னரே பார்த்தவர்கள் பார்க்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். அவர்களுக்கு இதில் எந்த ஆதாயமும் இல்லை. அதனாலேயே அவர்களின் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

ஒரு காலத்தில் இந்த இடத்தைப் பத்திரிகை விமர்சகர்கள் பிடித்திருந்தார்கள். 1980 முதல் 1993 வரை நியூயார்க் டைம்ஸ் இதழின் தலைமை நாடக விமர்சகராக இருந்த ஃபிராங்க் ரிச்சுக்கு 'பிராட்வேயின் கசாப்புக்காரர்' என்றே பட்டப்பெயர் இருந்தது. ஆனால், விமர்சகர்களின் தீர்ப்பைப் பார்வையாளர்கள் மாற்றி எழுதியதும் உண்டு. 2003 அக்டோபரில் அரங்கேறிய 'விக்கெட்' இசை நாடகத்தை விமர்சகர்கள் அரைமனதோடுதான் வரவேற்றார்கள். அடுத்த ஆண்டின் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதும் அதற்குக் கிடைக்கவில்லை. 'அவென்யூ கியூ' அதைப் பெற்றது. பார்த்த பெண்கள் தோழியரிடம் சொன்னார்கள். மகள்கள் தாய்மாரை அழைத்துவந்தார்கள். 1.4 கோடி டாலர் முதலீடு பதினான்கு மாதங்களில் திரும்பியது. இருபது ஆண்டுகளைக் கடந்தும் அந்த நாடகம் அதே அரங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த அம்மையார் பரிந்துரைத்த நாடகத்தின் கதையும் இத்தகையதே. முதலில் தென்கொரியாவின் சியோலில் 2016இல் மேடையேறியது. எசமானர்கள் கைவிட்ட இரண்டு பழைய இயந்திர மனிதர்களுக்கு இடையே மலரும் நேசம்தான் கதை. பிரபலமான திரைப்படத்தையோ, எல்லோருக்கும் தெரிந்த பாடல்களையோ சார்ந்ததல்ல. 2024 நவம்பரில் பிராட்வேயில் அரங்கேறியபோது விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் கூட்டம் உடனே வந்துவிடவில்லை. முன்னோட்டக் காட்சிகளின்போது வார வசூல் 3 லட்சம் டாலரை ஒட்டியே இருந்தது. ஒரு பெரிய இசை நாடகம் தாக்குப்பிடிக்க அது போதாது. ஒருவர் சொல்லி ஒருவர் வந்து, அரங்கு மெல்ல நிரம்பியது. பின்னர் வார வசூல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 2025 ஜூனில் சிறந்த இசை நாடகத்துக்கானது உட்பட ஆறு டோனி விருதுகள் கிடைத்தன.

இந்த வெற்றிக் கதையோடு நிறுத்திக்கொண்டால் மனநிறைவாக இருக்கும். ஆனால், இது விதிவிலக்கு என்பதே என் கவலை. பார்த்தவர் சொல் பரவுவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, நாடகம் சில வாரங்களாவது தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டாவது, தெரியாத ஒன்றை முதலில் சென்று பார்க்கும் துணிச்சல் சிலருக்கேனும் கட்டுப்படியாக வேண்டும். இன்றைய பிராட்வேயில் இவ்விரண்டும் தேய்ந்துவருகின்றன.

விலையைப் பாருங்கள். 2001இல் 'தி புரொடியூசர்ஸ்' நாடகத்தின் சிறந்த இருக்கைகளுக்கு 480 டாலர் விலை வைக்கப்பட்டபோது நகரமே அதிர்ந்தது. 2016இல் 'ஹாமில்டன்' தன் உயர்ந்தபட்ச விலையை 849 டாலராக்கியது. 2025இல் டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜில்லன்ஹாலும் நடித்த 'ஒத்தெல்லோ'வுக்கு 921 டாலர் வரை கேட்கப்பட்டது. அதே பருவத்தில் ஜார்ஜ் குளூனி நடித்த 'குட் நைட், அண்ட் குட் லக்' ஒரே வாரத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. இவை குறுகிய காலத்துக்கு மட்டும் நடத்தப்பட்டவை. முதல் காட்சியை யாரும் பார்ப்பதற்கு முன்பே, நட்சத்திரத்தின் பெயருக்காகவே பெருந்தொகைக்குச் சீட்டுகள் விற்றன. அங்கே பார்த்தவரின் கருத்துக்கு வேலையே இல்லை.

இதை வைத்து, பிராட்வேயில் எல்லாச் சீட்டுகளும் எட்டாத விலைக்குப் போய்விட்டன என்று முடிவுகட்டுவது தவறு. 2018–19 பருவத்தில் மொத்த வசூல் 183 கோடி டாலர். பார்வையாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 1.48 கோடி. 2024–25 பருவத்தில் வசூல் 189 கோடி டாலர். பார்வையாளர் ஏறத்தாழ 1.47 கோடி. வகுத்துப் பார்த்தால் சராசரிச் சீட்டு விலை 124 டாலரிலிருந்து 129 டாலராக மட்டுமே உயர்ந்திருக்கிறது. இதே ஆறு ஆண்டுகளில் அமெரிக்காவின் பொது விலைவாசி சுமார் கால் பங்கு ஏறியது. எனவே, சாதனை வசூல் என்று கொண்டாடப்பட்ட தொகை, பணவீக்கத்தைக் கழித்தால் முந்தைய உச்சத்தைவிடக் குறைவே.

சராசரி எப்போதும் ஏமாற்றும். உச்சியில் சில நாடகங்கள் 900 டாலர் கேட்கின்றன. கீழே பல நாடகங்கள் தள்ளுபடியில் இருக்கைகளை நிரப்பப் போராடுகின்றன. செலவோ எல்லோருக்கும் ஏறுகிறது. நிகழ்த்துகலைகளில் உழைப்பைக் குறைத்து உற்பத்தித்திறனைக் கூட்ட முடியாது என்பதை வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966இலேயே எழுதினார்கள். இருபது பேர் பாடி ஆட வேண்டிய காட்சிக்கு இன்றும் இருபது பேர் வேண்டும். அவர்களின் ஊதியம் மட்டும் மற்ற துறைகளுக்கு ஈடாக உயரும். இதன் விளைவு கடுமையானது. பெருந்தொற்றுக்குப் பிறகு பிராட்வேயில் தொடங்கிய 46 புதிய இசை நாடகங்களில், 2025 செப்டம்பர் வரை லாபம் கண்டவை மூன்று மட்டுமே என்று நியூயார்க் டைம்ஸ் கணக்கிட்டது.

கையிருப்புக் கரைந்ததும் நாடகம் மூடப்படுகிறது. பார்த்தவர் சொல் அடுத்தவரை எட்டும்போது அரங்கின் கதவு சாத்தப்பட்டிருக்கும். நல்லவை தப்பும், அல்லாதவை மறையும் என்ற சந்தைவிதி இங்கே செயல்படுவதில்லை. முன்பே அறிமுகமானவை தப்புகின்றன. அறிமுகம் தேவைப்படுபவை மறைகின்றன.

விலை உயர்வு, கருத்தின் நேர்மையையும் பாதிக்கிறது. 900 டாலர் கொடுத்துப் பார்த்தவருக்கு, நாடகம் சுமார்தான் என்று ஒப்புக்கொள்வது எளிதல்ல. தன் முடிவை நியாயப்படுத்தவே மனம் விழையும். சிலர் இதற்கு நேர்மாறாக, சிறு குறைக்கும் பெருங்கோபம் கொள்வார்கள். இரண்டுமே அடுத்தவருக்கு உதவாத தகவல். நாடகம் எப்படி இருந்தது என்ற கேள்வியின் இடத்தில், கொடுத்த பணத்துக்குத் தகுமா என்ற கேள்வி வந்து அமர்ந்துவிடுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நோபல் பரிசு பெற்ற நம் அபிஜித் பானர்ஜி, 1992இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் அதை அழகாக விளக்கினார். அருகருகே இரண்டு உணவகங்கள் இருக்கின்றன. முதலில் வந்த சிலர் ஒன்றினுள் நுழைந்துவிட்டால், பின்னால் வருபவர் தம் சொந்தத் தகவலை ஒதுக்கிவிட்டு அவர்களையே பின்பற்றுவார். கூட்டம் பெருகும், ஆனால் புதிய தகவல் எதுவும் சேராது. சீட்டு விலை ஏற ஏற, நாடகப் பார்வையாளரும் இப்படிக் கூட்டத்தின் பின்னே செல்வதையே பாதுகாப்பாக உணர்வார். ஆயிரம் பேர் சொல்வதாகத் தோன்றுவது, உண்மையில் முதல் பத்துப் பேரின் எதிரொலியாக இருக்கலாம்.

இந்தச் சங்கிலியை உடைப்பவர்கள் யார்? குறைந்த விலையில் அடிக்கடி பார்ப்பவர்களே. 1996இல் 'ரெண்ட்' நாடகம் முதல் இரண்டு வரிசை இருக்கைகளை 20 டாலருக்கு, காட்சி நாளன்று, வரிசையில் காத்திருப்பவர்களுக்கு விற்றது. 'ஹாமில்டன்' குலுக்கல் முறையில் 10 டாலருக்குச் சில இருக்கைகளைத் தந்தது. இவற்றை இளைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் காட்டும் கருணை என்றே பலரும் கருதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. மலிவுச்சீட்டு வாங்கும் இளைஞர், பெயர் கேள்விப்படாத நாடகத்தையும் துணிந்து பார்க்கிறார். பிடிக்காவிட்டால் தயங்காமல் சொல்கிறார். மாதம் நான்கு நாடகம் பார்ப்பவருக்கு ஒப்பிட்டுச் சொல்லவும் தெரிகிறது. அவருக்குத் தரும் தள்ளுபடி, நம்பகமான தகவலுக்குத் தயாரிப்பாளர் தரும் விலை. விளம்பரத் திரைக்குத் தரும் வாடகையைவிட அது மலிவு.

தயாரிப்பாளர்களின் வாதத்தையும் புறக்கணிக்க முடியாது. தாங்கள் விலையை உயர்த்தாவிட்டால் அந்த உபரியை மறுவிற்பனைத் தரகர்கள் கொண்டுபோவார்கள் என்று 2001இலேயே சொன்னார்கள். அது உண்மை. முதலீட்டாளர் நட்டத்தையே காண்பார் என்றால் நாளை புதிய நாடகத்துக்குப் பணம் போட யாரும் வரமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே, நட்சத்திர நாடகத்தின் முன்வரிசையை 900 டாலருக்கு விற்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. புதிய நாடகம் ஒவ்வொன்றும் தன் முன்னோட்டக் காட்சிகளிலும் முதல் சில வாரங்களிலும் கணிசமான இருக்கைகளைத் துணிந்து மலிவாக விற்க வேண்டும். அந்த வாரங்களின் நட்டத்தைத் தாங்கும் கையிருப்பைத் தொடக்கத்திலேயே முதலீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன். அரங்கு அமைப்புக்கும் ஆடைக்கும் ஒதுக்குவதுபோல், பார்த்தவர் சொல் பரவுவதற்கான காலத்துக்கும் நிதி ஒதுக்குவது வணிக அறிவே.

பார்வையாளருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பிறர் சொல்லைக் கேட்டுப் பயன்பெறும் ஒவ்வொருவரும், எப்போதேனும் ஒருமுறை யாரும் சொல்லாத ஒன்றைத் தாமே முதலில் பார்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். எல்லோரும் கேட்பவர்களாகவே இருந்தால் சொல்வதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஊர் திரும்புவதற்கு முன் மீண்டும் ஒருமுறை அந்தச் சதுக்கத்துக்குச் சென்றோம். இம்முறை எங்களுக்குப் பின்னால் நின்ற இளம் தம்பதியர், எதைப் பார்ப்பது என்று கைப்பேசியைப் புரட்டியபடி குழம்பிக்கொண்டிருந்தார்கள். நானாகவே பேச்சுக்கொடுத்து, அந்த இயந்திர மனிதர்களின் நாடகத்தைச் சொன்னேன். என்ன கதை என்று அந்தப் பெண் கேட்டார். அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் என்றேன்.