ஊர் கூடித் தேர் இழுத்தல்

"ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஒருவரால் ஆகாத பெருங்கருமத்தைப் பலர் சேர்ந்தால் முடிக்கலாம் என்பதே அதற்கு யாவருங் கூறும் பொருள். அப்பொருள் சரியே. ஆயினும், சற்றுத் திருப்பி நோக்கின் மற்றுமோர் உண்மை புலப்படும். ஊர் கூடுவதனால் தேர் ஓடுகின்றது. தேர் ஓடவேண்டியிருப்பதனால் ஊர் கூடுகின்றது. வடத்தைப் பற்றி நிற்போர் வேறு வேறு வீட்டினர். வேறு வேறு தொழிலினர். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறியாதோரும் அவர்களுள் உளர். தேர் நிலைக்கு வந்து சேரும்போது அவர்கள் முன்போல அந்நியராய் இருப்பதில்லை.

கிராமத்தில் வாழ்வோர்க்கு இது பெரிதாகத் தோன்றாது. அங்கே தேரில்லாவிடினும் உறவுமுறை உண்டு, கிணறு உண்டு, வயல் வரம்பு உண்டு. நகரத்திலோ அயலவர் யாரென்று அறிவதற்கே ஒரு காரணம் வேண்டியிருக்கின்றது. அக்காரணத்தை நெடுங்காலம் வழங்கி வந்தவை அவ்வப் பகுதி மக்களே தம் கையால் ஆக்கிய கலைகளும் விழாக்களுமாம். கொழும்பின் வட பாகத்திலுள்ள கொட்டாஞ்சேனையையும் அதனை அடுத்த தெருக்களையும் எடுத்துக்கொண்டு, நேயர்களே, இவ்வாரம் இதனைச் சிறிது சிந்திப்போம்.

வந்தோர் வாழும் நகர்

கொட்டாஞ்சேனையிற் பெரும்பாலோர் வேறிடங்களிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே. 1875 ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவர் எழுந்தபின்னர், முன்பு காலித் துறைமுகத்தை நாடிய கப்பல்கள் கொழும்பை நாடத் தொடங்கின. கப்பலைத் தொடர்ந்து வேலையும், வேலையைத் தொடர்ந்து மக்களும் வந்தனர். துறைமுகத் தொழிலாளர், செட்டியார் தெருவின் வணிகர், பொற்கொல்லர், யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர், கரையோரச் சிங்களக் கத்தோலிக்கர், பௌத்தர், சோனகர் எனப் பல திறத்தாரும் கூப்பிடு தூரத்துக்குள் வாழலாயினர்.

அவர்கள் தத்தம் வழிபாட்டைக் கொணர்ந்தனர். வழிபாட்டோடு கலையையும் கொணர்ந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய ஸ்ரீ பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் தூண்களை நோக்குவோர், தென்னிந்தியச் சிற்பியரின் உளி கொழும்பில் நிகழ்த்திய விந்தையைக் காண்பர். செட்டியார் தெருவிலிருந்து வேல் தாங்கிய இரதம் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் எழுந்தருளும் ஆடிவேல் விழாவும் அவ்வாறு வந்ததே. 1870களில் வாந்திபேதி பரவியமையாற் கதிர்காம யாத்திரை தடைப்பட, நகரிலேயே அவ்விழா தொடங்கிற்று என்பர். காலி வீதியின் இருமருங்கும் கரும்பும் கடலையும் வாங்கி நின்ற கூட்டத்திற் சிங்களப் பிள்ளைகளும் நிறைந்திருந்தனர் என்பதை முதியோர் பலர் இன்றும் எடுத்துரைப்பர்.

தவக்காலம் வந்தால் கத்தோலிக்கர் வீடுகளில் இயேசுவின் பாடுகளை நினைந்து இரங்கிப் பாடும் ஓசை எழும். அவ்வகையில் ஒரு செய்தி மாணவர் அறியத்தக்கது. கொங்கணி பேசிய குடியிற் பிறந்து, ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையிற் பணிபுரிந்து, 1742 இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், வியாகுலப் பிரசங்கத்தைத் தமிழிலும் இயற்றினார், சிங்களத்திலும் இயற்றினார். ஒரே துயரை ஒரே ஆசிரியரின் வாக்கால் இரு மொழியினரும் பாடி அழுதனர். சிங்கள நாடகமும் இத்தகையதே. நமது கூத்தின் வழியிற் பிறந்த அதனைத் தழைக்கச் செய்தவருள் முதன்மையானவராகப் போற்றப்படும் பிலிப்பு சிஞ்ஞோ, கொல்லுத் தொழில் புரிந்தவர். அரசவையிலன்றித் தொழிலாளர் நடுவிலேயே அக்கலை வளர்ந்தது.

பங்கு என்னும் நூல்

இக்கலைகள் யாவற்றையும் ஊடறுத்துச் செல்லும் நூல் ஒன்றுண்டு. அதன் பெயர் பங்கு.

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருக்கு உரியது. ஒரு நாள் ஒரு குடும்பத்தார். மற்றொரு நாள் ஒரு தொழிலார். தம் நாளுக்குரிய பூவுக்கும் எண்ணெய்க்கும் மேளத்துக்கும் அவர்களே பொறுப்பு. மாலை கட்டுவோர், சாத்துப்படி செய்வோர், தவிலும் நாதஸ்வரமும் இசைப்போர், தேர்ச் சில்லுக்குக் கட்டை வைப்போர் என ஒவ்வொருவர்க்கும் ஓரிடம் உண்டு. கட்டை வைப்போன் தவறினால் தேர் குடைசாயும். ஆதலின் சிறிய பங்கென்று அங்கே ஒன்றில்லை.

வெசாக் பந்தலைப் பாருங்கள். சாதகக் கதையொன்றைப் படம் படமாய் எழுதி, உயர்ந்த சட்டகத்திற் பொருத்தி, வண்ண மின்குமிழ்களால் அழகுசெய்வர். குமிழ்கள் ஓடி ஓடி ஒளிரும் வித்தையை முன்னாளில் எவ்வாறு செய்தனர் தெரியுமா? சுழலும் மர உருளையொன்றிற் செப்புத் தகடுகளை வெவ்வேறிடங்களிற் பதித்து, அவை கம்பிகளைத் தொடுந்தோறும் ஒவ்வொரு வரிசைக்கும் மின்சாரம் பாயுமாறு அமைத்தனர். தச்சரும் ஓவியரும் மின்வேலை அறிந்தோரும், ஏணி பிடிக்கும் இளைஞரும், தெருவார் கொடுத்த சில்லறையுஞ் சேர்ந்தே அவ்வொளி பிறந்தது. நோன்பு காலத்திற் சோனகர் வீட்டிலிருந்து அயல்வீட்டுக்கு வரும் கஞ்சியும் இவ்வரிசையிற் சேரத்தக்கதே.

பணம் கொடுத்துக் காண்பவன் காட்சி முடிந்ததும் எழுந்து போகின்றான். பங்கு கொண்டவனோ அடுத்த ஆண்டையும் எதிர்பார்க்கின்றான். அயலுணர்ச்சி என்று நாம் புகழ்ந்து பேசுவது மனத்திற் தானாக ஊறும் அன்பு மட்டுமன்று. ஒரு வேலையைச் சேர்ந்து செய்தோரிடையே வளரும் பழக்கமுமாகும்.

விழாவும் பகையும்

இவ்வாறு கூறுவதனால் விழா எடுத்தாற் பகை நீங்கிவிடும் என்று எவரும் எண்ணற்க. கொட்டாஞ்சேனையின் வரலாறே அதனை மறுக்கும். 1883 மார்ச் 25, கத்தோலிக்கரின் உயிர்த்த ஞாயிறு. அக்காலத்திற் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தமாராம விகாரையிலும் பெருவிழா நடைபெற்றது. மேளம் முழங்க அங்கு வந்த பௌத்த ஊர்வலத்தாருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கலகம் மூண்டது. இரு திறத்தாரிடமும் கலையும் பக்தியும் இருந்தன. ஒருவர் விழாவில் மற்றவர்க்குப் பங்கு மட்டும் இருக்கவில்லை. அயலவர்க்கு இடமளியாத விழா அவர்க்கு எதிரான அணிவகுப்பாக மாறுதல் எளிது என்பதை அந்நாள் உணர்த்திற்று. இரண்டாண்டுகளின் பின், 1885 இல், வெசாக் தினம் அரசாங்க விடுமுறையாயிற்று. பௌத்தக் கொடி முதன்முதல் ஏற்றப்பட்டதும் அதே விகாரையிலேதான்.

1983 யூலையில் நகரத் தமிழர் பலர் வீடும் கடையும் இழந்து வெளியேறினர். அவர்களோடு மேளக்காரரும் நாடக நடிகரும் சென்றனர். சென்றோர் பலர் திரும்பவில்லை. பின்னர், 2019 ஏப்பிரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்பட மூன்று தேவாலயங்களும் சில விடுதிகளும் தாக்கப்பட்டு, 250 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செவ்வாய்க்கிழமை தோறும் இந்துக்களும் பௌத்தரும் மெழுகுதிரி ஏற்றிவந்த ஆலயம் அது. ஆதலின் அத்துயரைக் கத்தோலிக்கர் தனித்து அழவில்லை. யூன் 12 இல் ஆலயம் மீண்டுந் திறக்கப்பட்டது. மறுநாள் புனிதரின் திருநாள். 1883 இல் வீதியை எவர் ஆள்வதென்று மோதிய பகுதியே, 2019 இல் ஓர் இழப்பைப் பொதுவாகக் கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த மெழுகுதிரிகள் வீணாக எரியவில்லை.

முற்றம் போயிற்று

இன்று நகரம் வேறோர் உருவங் கொள்கின்றது. வனாத்தமுல்லையில் 2001 இல் எழுந்த 'சஹஸ்புர' பதினான்கு மாடிகள் உடையது. 2010 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகாரசபை இத்தகைய தொடர்மாடிகள் பலவற்றைக் கட்டித் 'தோட்டங்களில்' வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை அவற்றிற் குடியேற்றியது. வசதியுள்ளோர் வாங்கும் மாடிவீடுகளும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பெருகின.

பழைய தோட்ட வாழ்வைப் புகழ்ந்து பாடுவது என் கருத்தன்று. பல வீட்டார்க்கு ஒரு தண்ணீர்க் குழாய், மழைக்கு ஒழுகும் தகரக் கூரை, வெள்ளம் வந்தால் உறக்கமின்மை — இவற்றை அனுபவியாதவரே அவற்றை அழகென்பர். தாழ்ப்பாள் உள்ள கதவும் தனிக் குளியலறையும் எவருக்கும் உரியவை. ஆயினும் ஒன்றைப் பெறும்போது மற்றொன்றை இழந்தோம். வீட்டு வாயில்களுக்கிடையே கிடந்த அந்த ஒடுங்கிய முற்றத்திலேதான் வெசாக் கூட்டுக்கு மூங்கில் பிளந்தனர். நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தனர். சிறுவர் தவிலின் சொற்கட்டை வாயாற் சொல்லிப் பழகினர். மாடி வீட்டின் நடைவழி நடப்பதற்கே ஆயது. மின்தூக்கியில் நால்வர் நின்றால் நால்வரும் கதவையே நோக்குகின்றனர்.

சில மாதங்களுக்கு முன் என் மாணவர்க்கு 'எங்கள் அயல்' என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தேன். பலர் கட்டடத்தின் மாடிக் கணக்கை எழுதினர். அயலவரைக் கதவிலக்கத்தாற் குறித்தனர். ஒருவன் மட்டும் 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை நினைந்து எழுதியிருந்தான். புழுக்கந் தாளாது அனைவரும் படிக்கட்டில் வந்து அமர்ந்தனராம். நான்காம் வீட்டு முதியவர், "தம்பி, சும்மா ஏன் இருக்கவேண்டும்?" என்று கூறி, இளமையில் தாம் நடித்த அரிச்சந்திரன் நாடகத்துப் பாட்டுகளைப் பாடினாராம். மேல்மாடிச் சிங்களப் பெண்மணி ஒருவர், தம் தந்தையார் பாடக் கேட்ட பழைய மேடைப் பாட்டொன்றைப் பாடினாராம். மூன்றாண்டுகள் அடுத்தடுத்து வாழ்ந்தும் அவர்தம் பெயரை அன்றுதான் அறிந்ததாக மாணவன் எழுதியிருந்தான். மின்சாரம் வந்ததும் அனைவரும் உள்ளே சென்று கதவடைத்தனர் என்பதே கட்டுரையின் கடைசி வரி. அதைத் திருத்த என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

செய்யத்தக்கவை

கலை அழிந்துவிடவில்லை; கலைஞர் படிக்கட்டுக்கு அப்பால் இருக்கின்றனர் என்பதையே அக்கட்டுரை காட்டுகின்றது. குறைவது, அவர்களை வெளியே அழைக்கும் வேலை. மின்வெட்டை எதிர்பார்த்திராமல் அவ்வேலையை நாமே உண்டாக்க வேண்டும்.

முதலாவது, விழாவை முழுவதும் விலைக்கு வாங்கற்க. பந்தலும் ஒலிபெருக்கியும் இசையும் உணவும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப்படின், உபயகாரர் காசோலை எழுதுபவராகச் சுருங்கிவிடுவர். ஒரு பகுதியையேனும் அயலவர் கைக்கு விட்டு வைத்தல் வேண்டும். கோலம் சிறிது கோணலாய் அமைந்தாற் குற்றமில்லை.

இரண்டாவது, தொடர்மாடி நிர்வாக சபைகள் கீழ்மாடியிலோ மொட்டைமாடியிலோ ஓரிடத்தை வாகனமும் பழைய சாமானும் அடையாமற் காத்தல் வேண்டும். மாதத்தில் ஒரு மாலை அங்கே ஒரு பாட்டோ, கதையோ, சிறு நாடகமோ நடைபெறுமாயின் அதுவே புதிய முற்றமாகும்.

மூன்றாவது, பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை மிருதங்கமும் பரதமும் பயில்வது நன்றே. ஆனால் பரீட்சைச் சான்றிதழோடு அக்கலை பெட்டியுட் போகாமல், அயலவர் முன்னிலையில் ஆண்டுக்கொருமுறையேனும் அரங்கேறட்டும். கேட்போருள் தமிழரல்லாதாரும் இருப்பாராக. அவர்தம் வெசாக் கூட்டுக்குத் தாள் ஒட்டவும் நம் பிள்ளைகள் செல்வாராக.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலையுண்டு. அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் மாடியிலுள்ள முதியோரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். எங்கிருந்து வந்தீர்கள்? உங்கள் தெருவில் என்ன விழா நடந்தது? அதில் உங்கள் பங்கு என்ன? மூன்றாம் வினாவுக்கு வரும் விடையைக் கவனமாக எழுதுங்கள். விளக்குப் பிடித்தேன் என்பாரும், பெண் வேடங் கட்டினேன் என்பாரும், தேர்ச் சில்லுக்குக் கட்டை வைத்தேன் என்பாரும் அங்கே இருப்பர். பின்னர், இன்னும் அறுபது ஆண்டுகள் கழித்து அதே வினா உங்களை நோக்கி எழுமாயின் என்ன விடை கூறுவீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பார்த்துக்கொண்டு நின்றேன் என்பது நல்ல விடையாகாது.