தராசு அவர்களுடையது, கொழுந்து நம்முடையது

"மார்க்கப் போடலக்கா. வெட்கமா இருக்கு."

சொன்னது எங்கள் லைனில் மூன்றாவது வீட்டுப் பிள்ளை. கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். நீட்டில் தேறியிருக்கிறாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க இரண்டு நாள்தான் பாக்கி. பிளஸ் டூ மார்க்கை லைன் முழுக்கச் சொன்னவள், நீட் ஸ்கோரைப் பெத்த தாயிடம்கூடச் சொல்லவில்லை. நர்சிங் போறேன், அதுக்குப் பிளஸ் டூ மார்க் போதும் என்கிறாள்.

கேட்டுக்கொண்டிருந்த தோழர் ஒருவரும் ஒத்துப் பாடினார். "சரிதான். அனிதாவைக் கொன்ற பரிட்சையின் மார்க்கை நம் கையாலேயே எடுத்துக் கொடுப்பதா?"

பிள்ளையின் வெட்கமும் தோழரின் வீராப்பும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். இந்த லைனிலிருந்து ஒரு டாக்டர் வரமாட்டாள். அதனால் இரண்டோடும் எனக்குச் சண்டை.

நீட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நான் பிளஸ் டூ முடித்தது 2007இல். 1984 முதல் இருந்த நுழைவுத் தேர்வை ஒழித்த சட்டம் நடப்புக்கு வந்த முதல் வருசம். நான் தமிழ் படிக்கப் போனேன். கூடப் படித்த லைன் பிள்ளைகள் இரண்டு பேர் கோச்சிங் வாசலை மிதிக்காமல் என்ஜினியரிங் போனார்கள். பத்து வருசம்தான். 2017இல் நீட் வந்து கதவைச் சாத்தியது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், குழுமூர் அனிதா, 1200க்கு 1176 எடுத்தவள், உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டு அந்த செப்டம்பர் 1 அன்று செத்துப்போனாள். மருத்துவச் சேர்க்கையில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு என்று ஏ.கே.ராஜன் குழு 2021இல் எழுதியது. யாரால் மறுமுறை எழுத முடியும்? ஒருநாள் பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டில் எவள் ஒரு வருசம் உட்கார்ந்து கோச்சிங்குக்குக் காசு கட்டுவாள்? விலக்கு கேட்டு சட்டமன்றம் 2021இலும் 2022இலும் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் மறுத்துவிட்டார் என்று 2025இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள்.

இதற்குப் பேர் தகுதி, திறமை. அந்தத் தகுதியின் யோக்கியதையையும் பார்த்தோம். 2023 செப்டம்பரில் முதுநிலை நீட்டுக்கான தகுதி பெர்சென்டைலைப் பூச்சியம் ஆக்கினார்கள். இடங்கள் காலியாகக் கிடந்தனவாம். காலி இடத்துக்காகப் பூச்சியம் வரை இறங்கி வருகிற தகுதி, சேரிக்கும் லைனுக்கும் மட்டும் இறங்கி வராதாம்.

ஆனால் இவ்வளவும் தெரிந்த பிறகு, ஸ்கோரை மறைத்துவைப்பதால் யாருக்கு நஷ்டம்?

அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. என்றொரு பரிட்சை. 1926இல் அதைக் கொண்டுவந்த கார்ல் பிரிகாம், இனத்துக்கு இனம் அறிவு கூடும் குறையும் என்று 1923இல் புத்தகம் போட்டவர். 1930இல் அது தப்பென்று அவரே எழுதினார். பரிட்சை மட்டும் நிலைத்தது. கொரோனா வந்த 2020இல் பல கல்லூரிகள், ஸ்கோரைக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம் என்றன. டார்ட்மத் கல்லூரி 2024இல் கணக்குப் பார்த்துச் சொன்னது: காட்டியிருந்தால் தங்களுக்கு உதவியிருக்கும் ஸ்கோரையே, குறைச்சல் என்று நினைத்து, வசதியில்லாத பிள்ளைகள் மறைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லியே பரிட்சையை மறுபடி கட்டாயமாக்கினார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த வெட்கம் எனக்குத் தெரிந்த வெட்கம். கோத்தகிரி லைனில் பார்த்த வெட்கம்.

தோழரே, எண் எங்களுக்குப் புதிதல்ல. 1964இல் சிரிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 தலை, இலங்கைக்கு 3,00,000 தலை என்று பங்கு போட்டதில் இந்தப் பக்கம் விழுந்த சனம் நாங்கள். எங்கம்மா கொழுந்து பறித்த தோட்டத்தில் எடை போடும்போது, ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். வெயில் நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். தராசு பொய் என்று அம்மாவுக்குத் தெரியும். அதுக்காக ஒருநாளும் கொழுந்தைக் காட்டில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்ததில்லை. தராசில் வைத்தாள். வைத்துவிட்டு, நின்று சண்டை போட்டாள். சண்டை போட அவளுக்கு இருந்த பிடி, தராசில் இருந்த அவள் கொழுந்துதான்.

இதைத்தான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அந்த ஸ்கோர் உன் அறிவின் அளவு இல்ல பாப்பா. கோச்சிங் இல்லாம, மின்சாரம் போன ராத்திரியில செல்போன் வெளிச்சத்துல படிச்சு நீ பறிச்ச கொழுந்து. கழிச்சவன் வெட்கப்படட்டும். 7.5 யாரும் போட்ட பிச்சையில்ல. செத்தவங்களை முன்ன வச்சு சனங்க கத்தினதுக்கு அப்புறம் 2020இல் வந்த சட்டம். இடம் கிடைச்சா ஃபீஸ் அரசாங்கம் கட்டும். 2022இல் ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்காங்க. அதுல நம்ம லைன் பிள்ளை ஏன் நுழையக் கூடாது?

ராத்திரி பதினோரு மணிக்கு விண்ணப்பத்தை நிரப்பினோம். இடம் கிடைக்குமா, தெரியாது. ஸ்கோரைத் தட்டும்போது அவள் கை நடுங்கியது. அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் தட்டினாள்.

தோழரே, நீட்டை ஒழிக்க அடுத்த ஆர்ப்பாட்டம் என்றைக்கு? தேதியைச் சொல்லுங்கள். நான் வருகிறேன். அவளும் வருவாள். அன்றைக்கு அவள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தால் யாருக்குக் கசக்கும்?