குடிலுக்கு எங்கே இடம்?



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது மேலை நாடுகளிலிருந்து ஒரு செய்தி நம் காதுக்கு வருவதுண்டு. ஏதோ ஒரு நகரில் அரசுக் கட்டடத்தில் வைத்த குடிலை அகற்றும்படி வழக்குத் தொடுத்திருப்பார்கள். "பாலன் இயேசுவுக்கு இன்றும் இடமில்லையா?" என்று நாம் மனம் வருந்துகிறோம். வருத்தம் இயல்பானதே. ஆயினும் இவ்வழக்குகளில் நீதிபதிகள் சொன்னதைச் சற்று ஆழ்ந்து பார்த்தால், குடில் தோற்ற வழக்கைவிட, வென்ற வழக்குதான் நம்மை அதிகம் சிந்திக்க வைக்கும்.

அமெரிக்க அரசியலமைப்பில் 1791ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட முதலாவது திருத்தம், அரசு எச்சமயத்தையும் அரசு சமயமாக நிறுவக்கூடாது என்கிறது. எவரும் தம் சமயத்தைக் கடைப்பிடிப்பதைத் தடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. பொது இடத்துக் குடில்களைப் பற்றிய வழக்குகளெல்லாம் இதை ஒட்டியே எழுந்தன.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாட்டக்கெட் நகர நிர்வாகம், கடைவீதிப் பூங்கா ஒன்றில் ஆண்டுதோறும் குடில் வைத்து வந்தது. 1973இல் 1,365 டாலர் செலவில் நகரமே வாங்கிய குடில் அது. அதைச் சுற்றிலும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு, மான்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டி, கோமாளி, யானை, கரடி பொம்மை, வண்ண விளக்குகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1984 மார்ச் 5 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், குடில் இருக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. ஒரு விழாக்காலத்தின் வரலாற்றைக் காட்டும் அலங்காரத்தில் குடிலும் ஒரு பகுதி. அதில் உலகியல் நோக்கம் உண்டு என்பதே சொல்லப்பட்ட காரணம்.

அன்று அந்நீதிமன்றத்திலிருந்த ஒரே கத்தோலிக்க நீதிபதி வில்லியம் பிரென்னன். அவர் இத்தீர்ப்பை ஏற்கவில்லை. இறைமகன் மனிதரான மறைபொருளைக் காட்டும் குடிலைத் தாத்தாவின் வீட்டோடும் மான்களோடும் ஒன்றாக எண்ணுவது நம்பிக்கையாளரைப் புண்படுத்தும். கிறிஸ்துவை ஏற்காதவரையும் அது அவமதிக்கும் என்று அவர் எழுதினார். மற்றொரு நீதிபதியான பிளாக்மன், இந்நிலையில் குடில் வணிகத்துக்குப் பயன்படும் பொருளாகிவிடுகிறது, அதன் உட்பொருள் போய்விடுகிறது என்று சுட்டிக்காட்டினார்.

அடுத்த வழக்கு பிட்ஸ்பர்க் நகரில் எழுந்தது. அங்கே திருப்பெயர் சபை என்னும் கத்தோலிக்க அமைப்பு தந்த குடில், அலெகேனி மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில் வைக்கப்பட்டது. பக்கத்தில் தாத்தாவும் இல்லை, மான்களும் இல்லை. வானதூதர் ஏந்திய பதாகை இறைவனின் மகிமையை அறிவித்தது. 1989 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் இக்குடில் கூடாது என்றது. ஆனால் மற்றொரு அரசுக் கட்டடத்தின் முன்னால், 45 அடி கிறிஸ்துமஸ் மரத்துக்கு அருகில் நின்ற 18 அடி உயர யூத விளக்குத்தண்டை அனுமதித்தது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். நற்செய்தியை உரக்கச் சொன்ன குடில் வெளியேற்றப்பட்டது. பொம்மைகளுக்கு நடுவே மௌனமாய் நின்ற குடில் தங்கிவிட்டது! பின்னர் 2019இல், மேரிலாந்து மாநிலத்தில் போர்வீரர் நினைவாக நிற்கும் 40 அடிச் சிலுவையையும் நீதிமன்றம் அனுமதித்தது. காலப்போக்கில் அது வரலாற்றுச் சின்னமாகவும் ஆகிவிட்டது என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. 2022இல் பழைய அளவுகோல்களைக் கைவிட்டு, வரலாற்றையும் மரபையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்று கூறியது. ஆகவே இனி அங்கே குடில்களுக்கு வாய்ப்பு கூடலாம். ஆனால் 'இது எங்கள் பழைய மரபு' என்று சொல்லித்தான் குடில் உள்ளே நுழைய வேண்டுமென்றால், அது நமக்கு வெற்றியா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை நமக்கு வழிகாட்டுகிறது. சமயச் சுதந்திரம் அரசு தரும் சலுகையன்று. அது மனித மாண்பில் வேரூன்றியது. தனியாகவும் கூட்டாகவும், வீட்டிலும் வெளியிலும் தம் நம்பிக்கையை வாழ எவரையும் தடுக்கலாகாது. எவரையும் வற்புறுத்தலும் ஆகாது. எனவே நம்பிக்கையைப் பொதுவாழ்விலிருந்தே துரத்த நினைப்பது தவறு. அதே வேளையில், மக்கள் தம் நம்பிக்கையை வெளியில் அறிவிப்பது வேறு, எல்லாருக்கும் பொதுவான அரசு ஒரு சமயத்தின் குரலாகப் பேசுவது வேறு.

இதை நாம் எளிதில் புரிந்துகொள்ள முடியும். நம் நாட்டில் நாம் சிறுபான்மையினர். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தரும் சுதந்திரத்தால்தான் நம் பவனிகளும் விழாக்களும் நடக்கின்றன. ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென வரி செலுத்துமாறு யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. அரசு அலுவலகத்தில் பிற சமயப் பூசை நடக்கும்போது அங்கு நிற்கும் கிறிஸ்தவ ஊழியரின் சங்கடம் நமக்குத் தெரியும். அப்படியானால் கிறிஸ்தவர் பெரும்பான்மையாக வாழும் ஊரில், பஞ்சாயத்துப் பணத்தில் குடில் வைக்கும்போது ஓரமாய் நிற்கும் பிற சமயச் சகோதரரின் சங்கடமும் நமக்குத் தெரியவேண்டாமா? நமக்கு வேண்டுமென்று கேட்கும் நீதியை மற்றவருக்கும் அளப்பதே நற்செய்தியின் நெறி.

1223இல் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித அசிசி பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் காட்சி அமைத்தபோது எந்த அரசனின் படிக்கட்டையும் தேடவில்லை. வைக்கோலும் மாடும் கழுதையும், சுற்றிலும் ஏழை மக்களும் போதுமாயிருந்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரேச்சோவில் வெளியிட்ட திருமடலில், இல்லங்களிலும் பணியிடங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் ஊர்ச் சதுக்கங்களிலும் குடில் அமைக்கும் வழக்கத்தை ஊக்கப்படுத்தினார். நம்பிக்கை கொண்டோரின் கைகள் அமைக்கும் குடிலே பேசும்.

ஆகவே இந்தத் திருவருகைக் காலத்தில் நம் வீட்டு முற்றத்திலும் அன்பியங்களிலும் குடில் அமைப்போம். பிற சமயத்து அயலாரை அழைத்து, இக்குழந்தை யார் என்று பணிவோடு சொல்வோம். அவர்கள் விழாக்களில் அவர்களது சுதந்திரத்தையும் மதிப்போம். பெத்லகேமில் அரச மாளிகையை நாடாமல் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவர், இன்றும் நம் உள்ளங்களிலேயே இடம் கேட்கிறார்.